தீவுக்குப் போன சனிக்கிழமை

கிள்ளான்
3 டிசம்பர் 2024

தம்பி தனேஷ்,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியே போய்விட்டாய். தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது, அதனால் இந்தக் கடிதம். தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய அதே விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். நீ அறை மாறியிருந்தால் அங்கே இருக்கிற ஜப்பான்காரப் பையன் இதைப் பிரித்து முழிக்கட்டும்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிள்ளானில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸில் பல் கிளினிக்கைத் திறக்கும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் அம்மா கூப்பிடுவார். ‘ஏறிட்டியா? உக்கார எடம் கெடச்சிச்சா?’ என்று தினமும் அதே இரண்டு கேள்வி. எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது உட்கார இடம் கிடைத்தும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று முன்தினம் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. காஜாங்கிலிருந்து தம்புசாமி மாமா வந்து நின்று எல்லாவற்றையும் நடத்தினார். படையலில் மத்தி சம்பலும் சீனி குறைத்த தே ஓ, பாலில்லாத தேநீரும் வைத்தோம். நீ கடைசி நேரத்திலாவது வந்துவிடுவாய் என்று நினைத்து, வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரரின் லோரிதான்.

அம்மா சனிக்கிழமை இறந்தார். உனக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அதற்காக நீ என்மேல் கோபப்படு, நியாயம்தான். ஆனால் என்மேல் உள்ள கோபத்தில் அம்மாவின் பதினாறுக்கு வராமல் இருப்பாயா? அவர் உனக்கு என்ன செய்தார்?

பதில் எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. சும்மா இருக்காதே, அது ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா
தாமரை

•

ஹிரோஷிமா
14 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, எஸ்பிஎம்முக்குப் பிறகு நான் தமிழில் எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று தொடங்கினேன், அதில் உன்னைச் சரியாகத் திட்ட வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் துணி துவைக்கும் அறையில் இருந்தேன். ‘அம்மா தவறிட்டாங்கடா. எல்லாம் முடிஞ்சிருச்சி’ என்றாய். எல்லாம் முடிந்தது என்றால் என்ன என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அம்மா எப்போது வீட்டுக்கு வருவார், எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். ‘எடுத்தாச்சுடா’ என்றாய். அப்புறம்தான், எடுத்து, சுட்டு, குளித்துவிட்டு வந்து என்னைக் கூப்பிடுகிறாய் என்று புரிந்தது.

இங்கிருந்து ஓசாகா போனால் கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது. சனிக்கிழமை மாலையே சொல்லியிருந்தால் நான் எப்படியாவது வந்திருப்பேன். ஒரு நாள் தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்? அம்மாவுக்கு ஒரே மகன் நான். என் இடத்தில் மாமா மகன் லோகன் நின்று கொள்ளி வைத்தானாம். அவன் நம் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டது உண்டா? காரைவிட்டே இறங்க மாட்டான். அவன் வைத்தான்.

பதினாறுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். கொள்ளி வைக்கக் கூப்பிடாதவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவானா?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை அம்மாவின் எண்ணிலிருந்து எனக்கு இரண்டு அழைப்பு வந்தது. நான் நண்பர்களோடு மியாஜிமா தீவைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டையும் துண்டித்துவிட்டேன். அம்மா தினமும் பத்துத் தடவை கூப்பிடுவார், சாப்பிட்டாயா, குளிருகிறதா, சட்டை போட்டிருக்கிறாயா என்று. அதுபோல ஒன்று என்று நினைத்தேன்.

அம்மா கடைசியாக என்னிடம் என்ன சொல்ல வந்தார்? நீ பக்கத்தில்தானே இருந்தாய். உனக்குத் தெரியும். சொல்.

தனேஷ்

•

கிள்ளான்
26 டிசம்பர் 2024

தம்பி தனேஷ்,

திட்டச் சொன்னேன், நீயும் குறைவைக்கவில்லை. உன் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. கோபம் வந்தால் உனக்குப் பிழையே வராது போல.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் தனியாக உட்கார்ந்து நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் படி.

அம்மா புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். உன்னிடம் அம்மாவுக்குச் சளி என்று மட்டும் சொன்னோம். சளிதான், ஆனால் நுரையீரல் முழுக்க. வியாழக்கிழமை ஆக்சிஜன் வைத்தார்கள். அப்போதே உன்னைக் கூப்பிட நான் போனை எடுத்தேன். அம்மா முகமூடியை இழுத்துக் கீழே விட்டுவிட்டு என்னைத் தடுத்தார். ‘சனிக்கிழம அவன் தீவுக்குப் போறான்லா. அது முடியட்டும். இப்ப சொன்னீன்னா ரூம்லயே உக்காந்து அழுவான். போயிட்டு வந்ததும் சொல்லிக்கலாம்.’

நீ ஜப்பான் போன நாளிலிருந்து அம்மாவுக்கு உன்னைப் பற்றி ஒரே கவலைதான். அறையைவிட்டு வெளியே வராமல் தனியாக உட்கார்ந்து மெகி நூடல்ஸ் தின்கிறான், பேச ஆள் இல்லை என்று. அந்த இந்தோனேசியப் பையன் உன்னைத் தீவுக்குக் கூப்பிட்டான் என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வீரம்மா மகன் சனிக்கிழமை கப்பல் ஏறுகிறான் என்று. பக்கத்துக் கட்டில் சீன ஆன்டிக்குக்கூட மலாயில் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடப் படகு என்று நீ சொன்னதை அம்மா கப்பலாக்கிவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அம்மா போய்விட்டார். மாலையில் ஆஸ்பத்திரி கீழ்த்தளத்தில் நின்று உன்னைக் கூப்பிடப் போனேன். திரையில், குடும்பக் குழுவில் நீ போட்ட படம் வந்தது. சிவப்புக் கோபுர வாசல் ஒன்று கடலுக்குள் நிற்கிறது, அதற்கு முன்னால் நீயும் உன் கூட்டாளிகளும். ஒரு மான் உன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. நீ வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. இந்த ஒரு இரவு மட்டும் தூங்கட்டும், காலையில் சொல்லலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஆத்திரமும் வந்தது. இரண்டும்தான் இருந்தது, எது கூட எது குறைவு என்று என்னைக் கேட்காதே.

மாமா கேட்டார். ‘தனேஷுக்குச் சொல்லிட்டியாம்மா?’ சொல்லவில்லை என்றால் அவரே அந்த நிமிடம் உன்னைக் கூப்பிட்டிருப்பார். ‘சொல்லிட்டேன் மாமா, டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கான்’ என்றேன். ஞாயிறு காலையில் போனை எடுத்தேன். இப்போது சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம் வந்துவிட்டது. திங்கட்கிழமை யாருக்கும் லீவு இல்லை, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று மாமா சொன்னார். ‘டிக்கெட் கெடைக்கலயாம்’ என்றேன். மின்சுடலையில் மகன் எங்கே என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லோகன் முன்னால் வந்து நின்றான், நான் நிற்கவிட்டேன்.

நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்? எனக்கு டிப்ளோமா பரீட்சை நடந்தபோது பெரியப்பா இறந்ததைப் பரீட்சை முடியும்வரை மறைத்தார்கள். பூ வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வந்த அதே ஆட்கள்தான் அதையும் சொன்னார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி கடைசியில்தான் போகும். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

சிவராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடு. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா

•

ஹிரோஷிமா
8 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் போனில் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். அம்மா இறந்த சில நாளில் லோகேஸ்வரி சித்தி எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார், ‘படம் நல்லா இருக்கு தம்பி, மான் கூட அழகா இருக்கு’ என்று. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிகிறது. எனக்குத் தெரிந்தும் நான் வரவில்லை என்றுதான் அவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அங்கே கிடக்கிறார், மகன் இங்கே மானோடு ஆடுகிறான். நீ அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய்.

அவ்வளவு எழுதியும் நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. மியாஜிமா பற்றி எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அழைப்புகள் எப்போது வந்தன என்று தெரிந்தால்தான் நீ தட்டிக்கழிக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் போனது ஆறு பேர். பாகுஸ் சுராபாயாக்காரன். அவன் பேசுவது இந்தோனேசியா, நான் பேசுவது மலாய். பாதி புரியும், மீதிக்குச் சிரிப்போம். போலந்திலிருந்து வந்த மார்த்தா, தாய்லாந்துப் பெண்கள் இரண்டு பேர், எங்களைக் கூட்டிப்போன ஜப்பானிய சீனியர் நகாயாமா. காலையில் ரயிலில் போகும்போது முதல் அழைப்பு வந்தது. இங்கே ரயிலில் யாரும் போனில் பேச மாட்டார்கள். ஒரு பாட்டியம்மா திரும்பிப் பார்த்தார், அவசரமாகத் துண்டித்தேன்.

தீவில் இறங்கியதும் மான்கள் வந்து சூழ்ந்துகொண்டன. மார்த்தாவின் கையிலிருந்த வரைபடத்தை ஒரு மான் பிடுங்கித் தின்றுவிட்டது. அவள் அதோடு சண்டை போட்டாள், போலிஷ் மொழியில். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. இலை வடிவத்தில் ஒரு கேக் விற்கிறார்கள், உள்ளே இனிப்புப் பயறு. நம் ஊர் சீனக் கடைப் பாவ் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, பாகுஸ் நான்கு வாங்கித் தின்றான். மலையெல்லாம் சிவப்பு இலை. படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிட்டோம். எல்லோரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின மாதம்வரை அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது.

நகாயாமா ஒன்று சொன்னான். அந்தத் தீவு முழுக்கச் சாமிக்குச் சொந்தமாம். அங்கே யாரும் இறக்கக்கூடாது என்று பழைய வழக்கம். சாகக் கிடப்பவர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். தீவில் ஒரு கல்லறைகூடக் கிடையாது. நான் உடனே அம்மாவை நினைத்தேன். இதைச் சொன்னால், ‘அப்ப அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிரலாம்லா’ என்று சொல்வார். ராத்திரி சொல்ல வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். அறைக்கு வந்ததும் அசதியில் தூங்கிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் கடற்கரையில் எல்லோரும் படத்துக்கு நின்றோம். மார்த்தா தன் போனைக் கல்விளக்கின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்தாள். அப்போது என் கையில் இரண்டாவது அழைப்பு. பாகுஸ் எட்டிப் பார்த்து ‘இபு?’ என்று கேட்டான். அம்மாதான் என்றேன். துண்டித்துவிட்டு, பிறகு பேசுவதாக ஒரு வரி தட்டி அனுப்பினேன். நீ பார்த்தாயே ஒரு படம், மான் சட்டையை இழுக்க நான் சிரிக்கிறேன் என்று, அது அதற்கு அடுத்த நிமிடம் எடுத்தது.

இனி நீ சொல். அம்மா எதற்காகக் கூப்பிட்டார்?

சிவராத்திரிக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே. இன்னொரு அரையாண்டு இங்கேயே படிக்க விண்ணப்பப் படிவம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

தனேஷ்

•

கிள்ளான்
20 ஜனவரி 2025

தனேஷ்,

இந்த வருடம் நமக்குப் பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டில் பால் பொங்கி, பிள்ளைகள் கத்துவதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுதி மூன்று தடவை கிழித்தேன். இது கிழியாமல் வந்தால் படி.

அம்மா உன்னைக் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் டாக்டர் என்னை வெளியே அழைத்து, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று அவர் சொன்னதை மீறத் தீர்மானித்துவிட்டேன். பையிலிருந்து என் போனை எடுத்தேன், உன் பெயரை அழுத்தப் போனேன். உனக்கு நான் கூப்பிடுவதே இல்லை. நீ போனதிலிருந்து அதுவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன், அது வீட்டுக் கூரை இடிந்தபோது. என் பெயரைப் பார்த்தாலே உனக்கு நெஞ்சு திடுக்கென்று ஆகும் என்று தெரியும். ரயிலிலோ படகிலோ நடுவில் நிற்கிற பையன், திக்கென்று பயந்துவிடுவான். அம்மா எண்ணிலிருந்து கூப்பிட்டால் வழக்கம்போல என்று எடுப்பான், அப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்து அவர் போனை எடுத்தேன்.

வழக்கம்போலத்தான் நீயும் துண்டித்தாய்.

மதிய வாக்கில், மனம் கேட்காமல் மறுபடியும் அம்மா போனிலிருந்தே கூப்பிட்டேன். அப்போதும் என் போன் என் மடியில்தான் இருந்தது. நீ பயந்துவிடக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு. இன்றுவரை அந்த இரண்டு போனையும் நினைத்துக்கொண்டே கொமுட்டரில் சுபாங் ஜெயாவைத் தாண்டிப் போகிறேன், தாண்டி வருகிறேன். கையை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாய். அம்மாவைப் பார்த்திருக்க முடியாமல் போயிருக்கலாம், ஆனால் லோகன் நின்ற இடத்தில் நீ நின்றிருப்பாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று இவ்வளவு நாள் வைத்திருந்தேன். நீ அனுப்பிய அந்த ஒரு வரி அம்மா போனுக்கு வந்தது. ‘ஃப்ரெண்ட்ஸோட இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்.’ அம்மா கண் விழித்தபோது நான் அதைப் படித்துக் காட்டினேன். ‘என்னாது?’ என்றார். மறுபடி படித்தேன். ‘ஃப்ரெண்ட்ஸோடவா? அப்படியா போட்டிருக்கான்?’ என்று கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டில் ஆன்டியைப் பார்த்துக் கையை ஆட்டிக் காட்டினார், பேச மூச்சு இல்லை. அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். நான் கூப்பிட்டதை நீ எடுத்துப் பேசியிருந்தால்கூட அவ்வளவு இருந்திருக்காது.

ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பாய். பொறாமைடா. புதன்கிழமையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் நான். பள்ளிக்கூடக் கேண்டீனில் அம்மா நின்று வேலை செய்த காலத்திலிருந்து அவர் கால்வலிக்குத் தைலம் தேய்த்தவள் நான். கடைசியாக அவர் முகம் மலர்ந்தது, வராமல் இருந்த உன்னால். என்னிடம் கேட்டதெல்லாம், ஜப்பானில் இப்போது மணி என்ன என்பதுதான்.

சொல்லிவிட்டேன். எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

தாமரை

•

ஹிரோஷிமா
1 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைப் பாகுஸ்தான் கீழே பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். நான் படித்துவிட்டு அழுததைப் பார்த்து, எதுவும் கேட்காமல் அரிசி கழுவி அடுப்பில் வைத்தான். அம்மாவுக்கு அவனைப் பிடித்திருக்கும்.

நீ கேட்காத கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தால் எடுத்திருப்பேன். ரயிலாக இருந்தாலும், ஒரு ரயில் ஆட்களும் திரும்பிப் பார்த்தாலும் எடுத்திருப்பேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓசாகா போயிருப்பேன். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ‘பரவாயில்லை அக்கா, உன் எண்ணாக இருந்தாலும் துண்டித்திருப்பேன்’ என்று எழுதக்கூட உட்கார்ந்தேன். உனக்கு ஆறுதலாக இருக்கும். நல்லதுக்குத்தானே.

அப்படி எழுதியதைப் பார்த்ததும் எனக்கே கை கூசியது. அம்மா எனக்காக மறைத்தார். நீ அம்மாவுக்காக மறைத்தாய், எனக்காகவும் மறைத்தாய். நானும் உனக்காக இன்றைக்குத் தொடங்கினால் அப்புறம் நாம் இரண்டு பேரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் பயந்து பயந்துதான் பேச வேண்டும். வீட்டில் மீதி இருப்பது நாம் இரண்டு பேர்தான். அதனால் உண்மையை எழுதிவிட்டேன். வலிக்கும் என்று தெரியும்.

இனி எனக்கு எதையும் மறைக்காதே. பரீட்சை நடந்தாலும் சொல், தூங்கினாலும் எழுப்பிச் சொல். நானும் மறைக்க மாட்டேன். மறைக்காமல் முதலில் சொல்வது: உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேனா என்று தினமும் பார்க்கிறேன், இல்லை. ஆனால் இங்கே உட்கார்ந்து பார்ப்பதால் அது வரப்போவதும் இல்லை.

விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

ஃப்ரெண்ட்ஸோட என்று நான் போட்டது எனக்கு நினைவே இல்லை. போனில் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

தனேஷ்

•

கிள்ளான்
14 பிப்ரவரி 2025

தம்பி தனேஷ்,

மறைக்காதே என்று எழுதியிருக்கிறாய். சரி, வாங்கிக்கொள்.

தைப்பூசத்தன்று நாம் கோயிலுக்குப் போகக்கூடாது என்பதால் எல்லோரும் காஜாங்கில் மாமா வீட்டில் கூடினோம். சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ்வரி சித்தி உன் பேச்சை எடுத்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்குத் தெரியாது, டிக்கெட் கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய், நான்தான் அவனுக்குச் சொல்லவில்லை என்றேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். லோகன் அழுதான். ‘அக்கா, மொதல்லயே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனே’ என்றான். அவனைப் பற்றி நீயும் நானும் நினைத்தது கொஞ்சம் தப்பு. சித்தி மட்டும் கடைசிவரை சாப்பிட்டார். மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை, நீ வரும்போதும் பேசுவாரா தெரியாது.

கிளினிக்கில் எனக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், கணக்கில் அடிக்கடி தப்பு விடுகிறேன். தூக்கம் சரியில்லை. வீட்டுக் கூரை மறுபடி ஒழுகுகிறது. முன்பானால் இதில் ஒன்றைக்கூட உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

என் எண்ணாக இருந்தால் எடுத்திருப்பேன் என்று நீ எழுதியிருந்ததை, வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று படித்தேன். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததை நீ எழுத்தில் வைத்ததும் தாங்க முடியவில்லை. நீ பொய் எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், சந்தோஷமாக இருந்திருப்பேன். உன்மேல் அதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறது. நீ மன்னிக்கவில்லை என்றாய். நானும்தான். எண்ணைத் தடுத்தாய், பதினாறுக்கு வரவில்லை, மூன்று மாதம் என்னை இந்த வீட்டில் தனியாக விட்டாய்.

முன்பிருந்த தாமரையாக இருந்தால், இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு ‘எல்லாம் சரியாப் போச்சுடா, நீ நல்லபடியா வந்து சேரு’ என்று எழுதியிருப்பாள். எதுவும் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பேன். காரில் பேச மாட்டேன். வீட்டில் கோபத்தோடுதான் சோறு போடுவேன்.

வா.

அக்கா
தாமரை